எரிச்சல் போன கால்

என் கணவர் சீனுவின் கால் எரிச்சல் பறந்துவிட்டது என்று திருப்போரூர் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டவன் அவருடைய சித்தப்பா மகன் மணி. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மணி கொட்டகை போட்டுக் காளான் வளர்க்கிறான். விற்காமல் தங்கியதைக் காயவைத்து அரைத்து, டப்பாவில் அடைத்து, ‘குடலுக்கும் நரம்புக்கும்’ என்று லேபிள் ஒட்டிவிட்டான். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். பாதம் மிளகாய் பூசினாற்போல் எரியும், வயிறும் சரியில்லை. கல்பாக்கத்தில் கதிரியக்கத்தை அளக்கிற மனிதர், தம்பி கொடுத்த பொடியில் என்ன இருக்கிறதென்றுகூடக் கேட்காமல் பாலில் கலக்கிக் குடித்தார்.

வயிறு சரியானது உண்மைதான். காளான் நல்ல சாப்பாடு, இல்லையென்று யார் சொன்னது? நரம்புக்கும் நல்லது செய்யுமா என்று எலிகளை வைத்து ஆராய்கிறார்களாம். ஆராயட்டும். என் கணவர் எலியா?

“பத்தியமா சாப்டுண்ணா,” என்றிருக்கிறான் மணி. புளியும் கருவாடும் ஆகாது என்பது அவன் அர்த்தம். என் கணவர் வளர்ந்த வீட்டில் பத்தியம் என்றால், நாட்டு மருந்து சாப்பிடும்போது இங்கிலீஷ் மருந்தைத் தொடக் கூடாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை.

சில மாதம் கழித்து, சித்திரை வெயிலில் முருகன் கோயில் பிரகாரம் சுற்றினோம். நான் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினேன். அவர் கொதிக்கிற கல்லில் ஆற அமர நடந்து வந்தார்.

“பாத்தியா ரோகிணி? எரிச்சலே இல்ல!”

மணி செல்போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தான். “இன்னா அண்ணி, இப்பவாச்சும் நம்புறியா?”

நம்பினேன். சந்தோஷத்தில் அவனுக்கு இளநீர்கூட வாங்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் தோல் வழன்று தொங்கியது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா ஊசி முனையால் பாதத்தில் அங்கங்கே குத்தினார். இவர் கூரையைப் பார்த்தபடி, “எப்ப குத்தப் போறீங்க, மேடம்?” என்று கேட்டார்.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். “எரிச்சல் ஆறல சார், உணர்ச்சி செத்துப்போச்சு. மாத்திரையை நிறுத்தினதுல சர்க்கரையும் ஏறிக் கிடக்கு. வலது கால்ல ரெண்டு விரல் தேறுறது சந்தேகம்தான்.”

வார்டு வாசலில் மணி நின்றிருந்தான். “நான் இன்னா அண்ணி பண்ணேன்? புளியத்தான வாணாம்னேன்? மாத்திரய நிறுத்தச் சொன்னனா?”

“நெட்ல போட்ட அந்த வீடியோவ மொதல்ல எடுத்துடுடா.”

“அத எப்டி அண்ணி எடுக்கறது? அதப் பாத்துட்டுத்தான் ஆர்டரு வந்துகினு கீது.”

அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். நர்ஸ் பாதத்துக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். சீனு மணியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“போனை எடு,” என்றேன். “அதே காலுதான். இதையும் பிடிச்சுப் போடு.”

மணி போனைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

“எடுடா!”