ஊசிக்கு முன் ஒரு கடி

ஒரே பல்லுக்குச் செய்த இரண்டாவது ஆன்லேயும் திரும்பி வந்துவிட்டது. சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள், பஞ்சின் மேல், பாதிப் பட்டாணி அளவுக்கு ஒரு செராமிக் துண்டு. கூடவே நாத்தனாரின் கையெழுத்தில் ஒரு சீட்டு: "உயரம். கடிக்க முடியவில்லை. இனி இது வேண்டாம். கேப் போட்டுவிடுகிறேன்."

நாத்தனார் பல் டாக்டர். தம்பி மனைவியான அவள் பல் செய்பவள். கல்யாணமாகி வந்த வருஷமே டாக்டர் தன் கிளினிக் வேலைகள் அத்தனையையும் அவளுடைய லேபுக்குத் திருப்பிவிட்டிருந்தார். லேப் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. ஒரு மேசை, ஒரு சின்ன உலை, ஒரு தேய்ப்பு மெஷின், கால் வைக்கும் இடமெல்லாம் அச்சு வார்க்கும் வெள்ளை பிளாஸ்டர் மாவு. நோயாளிகள் யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. மாவில் வார்த்த தாடைகளாகத்தான் அவளுக்கு எல்லோரையும் தெரியும்.

இந்தத் தாடை அவளுக்கு இப்போது மனப்பாடம். கீழ்ப்பக்கம் இடது கடைவாய்ப் பல். ஒரு முனை உடைந்து போயிருந்தது, மற்ற மூன்று பக்கமும் கல்லு மாதிரி நன்றாக இருந்தது. பல்லின் நடுக்குழியை மட்டும் அடைப்பதென்றால் இன்லே போதும். முனையும் போய்விட்டதால், அதையும் சேர்த்து மூடும் ஆன்லே. முதலில் செய்தது உயரம் என்று டாக்டர் வாய்க்குள்ளேயே தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது காகிதமாய் மெலிந்து விரிசல் விட்டது. அதே அச்சில் இரண்டாவதைச் செய்து அனுப்பினாள். அதுவும் இப்போது டப்பாவில் கிடக்கிறது.

போனை எடுத்தாள்.

"அண்ணி, அச்சுல வச்சுப் பாத்தேன். மயிரிழை கூட இடிக்கல."

"அச்சுல இடிக்காது. வாயிலதான் இடிக்குது. வாய்க்குள்ள பாக்குறவ நானு. நீ பாக்குறது மாவு."

"கேப் போடணும்னா சுத்தி இருக்குற நல்ல பல்லையும் சீவணுமே அண்ணி. மூணு பக்கம் அவ்வளவு நல்லா இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? அவரு எத்தன தடவ லீவு போடுவாரு? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வரச் சொல்லிட்டேன். சீவி அளவு எடுத்துடுவேன். நீ கேப்புக்கு ரெடியா இரு."

வைத்துவிட்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தன் வேலை சரியில்லை என்று நிரூபித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். யாரும் எதையும் நிரூபிக்கவில்லையே! சாப்பாட்டுப் பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேல் தாடையையும் கீழ்த் தாடையையும், வாய் மாதிரி திறந்து மூடும் கீல் சட்டத்திலிருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கப் பார்க்க ஒன்று கண்ணில் பட்டது. அந்த ஆள் பல்லைக் கடிக்கிறவர். மேலும் கீழும் பல் முனைகளில் தேய்ந்து வழவழத்த திட்டுகள் நிறைய இருந்தன. வருஷக்கணக்காக ஒன்றோடொன்று உரசினால்தான் அப்படி ஆகும். ஆனால் சட்டத்தில் மாட்டி மூடினால் மேல் திட்டு ஒரு பக்கம், கீழ் திட்டு இன்னொரு பக்கம். உரசியே தேய்ந்தவை ஒன்றையொன்று தொடவே இல்லை.

இரண்டு தாடைகளையும் வெறும் கையில் பிடித்து, கீழ்த் தாடையைத் துளி வலப்பக்கம் நகர்த்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. எல்லாத் திட்டுகளும் ஜோடி சேர்ந்துவிட்டன.

அளவில் கோளாறில்லை, கடித்த விதத்தில்தான் கோளாறு. உடனே கிளினிக் நர்ஸைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அன்னைக்கு அவர கடிக்கச் சொல்லி அளவு எடுத்தீங்களே, அது ஊசி போடுறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"எல்லாம் சீவி முடிச்சப்புறம்தான். பாதி மொகம் மரத்துப்போய் ஒதட்டையே கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு மனுஷன். ஏம்மா?"

மரத்த தாடை எங்கே கடிக்கிறோம் என்று தெரியாமல் கோணலாகக் கடித்திருக்கிறது. அந்தக் கோணலுக்குத்தான் அவள் இரண்டு ஆன்லே செய்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். "நாளைக்கு உங்க அக்காகிட்ட நேர்ல போய்ச் சொல்லப் போறேன்."

அவன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். "தாராளமா சொல்லு. நான் ஊர்ல இல்லன்னும் சேத்துச் சொல்லிடு."

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, தாடைகளைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு கிளினிக் படி ஏறினாள். உள்ளே நாற்காலியில் பருமனான ஒருவர் சாய்ந்திருந்தார். டாக்டர் கையில் ஊசி தயாராக இருந்தது.

"அண்ணி, ஒரு நிமிஷம். ஊசி போடாதீங்க."

டாக்டர் முகமூடிக்கு மேலே புருவத்தை உயர்த்தினார். "வெளிய உக்காரு. முடிச்சுட்டு வரேன்."

"முடிச்சப்புறம் பேசி என்ன பிரயோஜனம்?"

நாற்காலிக்காரர் தலையைத் திருப்பினார். "யாரு மேடம் இவங்க?"

"உங்க பல்லு செய்றவங்க."

"ஓ! என்னை ரெண்டு தடவ பாடாப் படுத்துனது இவங்கதானா?"

"ஆமா சார், நான்தான்," என்றாள் அவள். "மூணாவது தடவ படுத்தக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன். நீங்க பகல்ல பல்லக் கடிச்சுக்கிட்டே இருப்பீங்களா?"

"கடிக்காம? டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்ம்மா நான். கத்துக்க வர்றவங்க கிளச்ச பொசுக்குன்னு விடும்போதெல்லாம் என் காலு ஒரு பிரேக் புடிக்கும், பல்லு ஒரு பிரேக் புடிக்கும்."

அவள் டப்பாவைத் திறந்து தாடைகளை எடுத்து டாக்டர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். சட்டத்தில் இருந்தபடி ஒரு முறை மூடிக் காட்டினாள். பிறகு நகர்த்தி ஒரு முறை. "இந்தத் திட்டப் பாருங்க அண்ணி. இது இதோடதான் உரசியிருக்கு. நம்ம எடுத்த கடியில ரெண்டும் சேரவே இல்ல. இப்ப இவருக்கு மரக்கல. ஒரே ஒரு தடவ கடிக்கச் சொல்லிப் பாத்துடுங்க. நான் சொல்றது தப்புன்னா இப்பவே போயிடுறேன், நீங்க சீவிக்கலாம்."

நோயாளி முன்னால் தம்பி மனைவி பாடம் நடத்துவது டாக்டருக்குப் பிடிக்கவில்லை என்பது காதுமடல் சிவந்ததிலேயே தெரிந்தது. நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கொண்ணும் அவசரமில்ல டாக்டரம்மா," என்றார் மாஸ்டர். "கடிக்கிறதுதானே, காசா பணமா?"

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

கடி அச்செடுக்கும் பசையைப் பிழிந்து பல்வரிசை மேல் வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். அது இறுகியதும் எடுத்துத் தாடைகளுக்கு நடுவே வைத்தாள். மேலும் கீழும் திட்டுக்குத் திட்டு ஒட்டி நின்றது. டாக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் முகமூடியை இறக்கினார்.

"ரெண்டு நாள் தரேன். அதுக்கப்புறமும் இடிச்சா ஒரு பேச்சும் கேக்க மாட்டேன்."

"கேக்க வேண்டாம்," என்றாள்.

அந்த இரண்டு நாளும் அவள் வேறு வேலையைத் தொடவில்லை. தாடைகளைப் புதுக் கடிக்கு ஏற்றபடி சட்டத்தில் மாட்டினாள். மெழுகில் முனையை உருவாக்கி, முதல் மெழுகு மனசுக்குப் பிடிக்காமல் சுரண்டி எறிந்து, மறுபடி வடித்தாள். பல்லைக் கடிக்கிறவருக்குக் கூர்முனை ஆகாது என்று சரிவைக் கொஞ்சம் படிய வைத்தாள். அதைச் செராமிக்கில் வார்த்து, உலையிலிருந்து எடுத்து மெருகேற்றும்போது விரல் நுனி மரத்துப்போனது.

மூன்றாம் நாள் டாக்டரே கூப்பிட்டு, "நீயும் வந்து நில்லு" என்றார்.

நாற்காலியில் சாய்ந்திருந்தவரிடம் டாக்டர் கேட்டார்: "மாஸ்டர், ஊசி போட்டா மறுபடியும் கோணலாக் கடிப்பீங்க. போடாம ஒட்டுனா சுள்ளுன்னு இருக்கும். என்ன சொல்றீங்க?"

"தாங்கிக்கிறேன். என் சீட்ல உக்காந்து பாத்தீங்கன்னா இதெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு தெரியும்."

பல்லைச் சுற்றி ரப்பர் துணி மாட்டி, கழுவி, உலர்த்தி, பசை தடவி ஆன்லேயை அமுக்கினார் டாக்டர். குளிர்காற்று பட்டபோது மாஸ்டரின் கால்விரல்கள் மடங்கின. ஆனால் அவர் தலையை அசைக்கவில்லை. நீல விளக்கு ஒவ்வொரு பக்கமாக எரிந்து அணைந்தது. வழிந்த பசையை வழித்து, ரப்பரை எடுத்ததும், டாக்டர் மெல்லிய நீலத் தாளைப் பல் மேல் வைத்தார்.

"கடிங்க. இப்ப அப்படியே பக்கவாட்டுல அரைங்க."

பக்கத்துப் பற்களில் விழுந்த மாதிரியே இதிலும் சின்னச் சின்ன நீலப் புள்ளிகள். ஒன்று மட்டும் கொஞ்சம் அழுத்தம். டாக்டர் அதை ஒரே தொடலில் தேய்த்துவிட்டு மறுபடி தாளை வைத்தார். எல்லாம் ஒரே நிறம்.

மாஸ்டர் மூன்று முறை கடித்தார். நாக்கால் தடவினார். "இடிக்கல. இருக்குறதே தெரியல."

"ராத்திரிக்குப் போட்டுக்க ஒரு உறை செஞ்சு தர்றோம். இல்லன்னா இதையும் கடிச்சு ஒடச்சிடுவீங்க," என்றார் டாக்டர்.

"பகல்ல?"

"பகல்ல நல்லா ஓட்டுறவங்களாப் பாத்து சேத்துக்கோங்க."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். டாக்டர் கையைக் கழுவியபடி, யார் முகத்தையும் பார்க்காமல் நர்ஸிடம் சொன்னார்: "இனிமே கடி அளவெல்லாம் ஊசிக்கு முன்னாடியே எடுத்துடணும். யாரா இருந்தாலும் சரி."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?" டாக்டர் ஒரு எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இதப் பாத்துட்டுப் போ. மேல் பல்லு. இன்லே போதுமா, முனையையும் மூடணுமா? நீ என்ன நெனைக்கிற?"

இத்தனை வருஷத்தில் இப்படி அவர் கேட்டதே இல்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.