அப்பளமான தோட்டக்காரன்

சாவு விழுந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் என் வீட்டுக்காரர் காசிநாதன் சிரித்தால்தான் வாயைத் திறப்பார். வாயைத் திறந்தால்தான் நான் ஒரு கரண்டி கஞ்சியை உள்ளே விட முடியும். ஊர் வாயை மூடுவதா, இவர் வாயைத் திறப்பதா என்று வந்தபோது நான் ரொம்ப யோசிக்கவில்லை.

கொழுந்தன் தமிழ்மாறன் இறந்த அன்றே மாமனாரின் அண்ணன், பெரிய மாமா அய்யம்பெருமாள் வந்து டிவியின் கேபிள் வயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். கருமாதி முடியும் வரை வீட்டில் பாட்டு, படம் எதுவும் கூடாது. எங்கள் விக்கிரமங்கலம் பக்கம் அதுதான் வழக்கம். நான் குறுக்கே நிற்கவில்லை. செல்போனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் செல்போனில் ஓடுவது ஒரு பழைய கார்ட்டூன். வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ கையால் வரைந்த சின்னப் படம். பேச்சே கிடையாது, வெறும் வாத்தியம்தான். ஒரு தோட்டக்காரன் ஒரே ஒரு முட்டைக்கோசைக் கண்ணும் கருத்துமாக வளர்க்கிறான். ஓர் ஆடு அதைத் தின்ன வருகிறது. ஆட்டைப் பிடிக்கக் குழி வெட்டினால் அவனே அதில் விழுகிறான். வெடி வைத்தால் அவன் மீசைதான் கருகுகிறது. கடைசியில் ஆட்டின் தலையில் போடுவதற்காகக் கயிறு கட்டித் தூக்கிய இரும்புப் பெட்டி அவன் தலையிலேயே இறங்குகிறது. அப்பளமாகிவிடுகிறான். பிறகு ஓர் ஓரத்திலிருந்து தன்னைத்தானே உரித்தெடுத்துக்கொண்டு எழுந்து, காற்றில் ஆடிக்கொண்டே நாலு அடி நடந்து, கட்டைவிரலை வாயில் வைத்து ஊதுகிறான். பழையபடி ஆளாகிவிடுகிறான். தொப்பி மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அந்தப் படம் என்றால் உயிர். இவர் டிப்பர் லாரி டிரைவர், தமிழ்மாறன் அதே வண்டியில் கிளீனர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடுக்கு வரிசையில் நிற்கும்போதெல்லாம் அதைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தும் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அதே ஆடு, அதே தோட்டக்காரன். மீசை முளைத்த ஆம்பளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அவனுக்குப் புத்தியே வராது அண்ணி, அதான்" என்றான் தமிழ்மாறன். "எத்தினி அடி வாங்குனாலும் அடுத்த நிமிசம் ஏணியத் தூக்கிக்கிட்டு வந்துருவான்."

டிப்பரில் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் நிற்கும் கிளீனர் தொட்டியை இரண்டு தட்டுத் தட்டினால், கொட்டியாகிவிட்டது, தொட்டியை இறக்கு என்று அர்த்தம். அன்றைக்கு மழை. ஈரமண் தொட்டியில் அப்பிக்கொண்டு விழவில்லை. தூக்கி நின்ற தொட்டிக்கு அடியில் புகுந்து, மண்ணை உதிர்ப்பதற்காகத் தமிழ்மாறன் கம்பியால் அடித்திருக்கிறான். இரண்டு அடி. கேபினில் இருந்த இவர் லிவரை இறக்கிவிட்டார். கையால் தட்டுவதும் கம்பியால் அடிப்பதும் வேறு வேறு சத்தம் என்று போலீஸ் ஸ்டேஷனில் இவருக்குப் பாடம் எடுத்தார்களாம். மழையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கேபினில் உட்கார்ந்து அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.

ஜாமீனில் வந்ததிலிருந்து இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாய் சாப்பிடவில்லை. என் மாமியார் குஞ்சம்மாள் இவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அத்தை கூடத்தில், இவர் உள்ளறையில். பருத்திக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த மருந்து டப்பாவை நான் பக்கத்து வீட்டு வெற்றிச்செல்வியிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். இவர் கிணற்றுப் பக்கம் போனால் நானும் பின்னாலேயே போனேன். அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

ஒரு மத்தியானம் செல்போனில் எதையோ தேடும்போது இந்தப் படம் ஓட ஆரம்பித்தது. பதறிப்போய் அணைக்கப் போனேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டக்காரன் நசுங்கினான், எழுந்தான், ஊதினான். இவர் தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. வாய் திறந்தது. பக்கத்தில் ஆறிக்கிடந்த கஞ்சியை எடுத்து உள்ளே விட்டேன். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழியாகிவிட்டது.

சில நாள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். இவர் அந்தப் படத்தை முழுதாகப் பார்ப்பதே இல்லை. தோட்டக்காரன் எழுந்து நின்றதும் விரலால் பின்னுக்கு இழுத்துவிடுவார். பெட்டி விழும், அவன் எழுவான். மறுபடி பெட்டி விழும், மறுபடி எழுவான். இவர் ஆட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவன் எழுவதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக நான் கேலி செய்த படம். அதில் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை, அதுதான் அதில் இருப்பது.

கருமாதிக்கு முதல் நாள் பங்காளிகள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமனார் இல்லாத வீடு. கல்யாணம் ஆகாத தம்பிக்கு அண்ணன்தான் ஏரிக்கரையில் மொட்டை போட்டு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். அத்தை சுவரில் சாய்ந்தபடி சொன்னார்.

"அவன் கையால வேணாம். பங்காளி மவன் யாராச்சும் செய்யட்டும்."

"கூடப்பொறந்தவன் இருக்கையில எப்படிம்மா?" என்று பெரிய மாமா இழுத்தார்.

"இருக்கான். எம்புள்ளையக் கொன்னுட்டு உள்ள உக்காந்து சிரிச்சிக்கிட்டு இருக்கான். நாளெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்?"

வேறொருவன் மொட்டை போட்டால், இவர் கொலைகாரர் என்று பெற்றவளே ஊருக்கு முன்னால் சொன்ன மாதிரி. அதற்கப்புறம் எந்த டப்பாவை எங்கே ஒளித்தும் என்னால் இவரைக் காப்பாற்ற முடியாது. ஏதாவது பேசலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் உள்ளறையிலிருந்து இவர் சிரிப்பு கேட்டது.

அத்தை எழுந்து உள்ளே போன வேகத்தை யாராலும் தடுக்க முடியவில்லை. இவர் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கி, தரையில் அடிக்க ஓங்கினார். பங்காளிகள் உள்ளறை வாசற்படியில் குவிந்துவிட்டார்கள்.

"அத்தை, ஒடைக்கிறதுன்னா ஒடைங்க" என்றேன். "என்னத்தப் பாத்துச் சிரிக்கிறாருன்னு ஒரு தடவ பாத்துட்டு ஒடைங்க."

என்ன நினைத்தாரோ, கையைத் தாழ்த்தினார். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தோட்டக்காரன் வியர்க்க விறுவிறுக்கக் கயிற்றை இழுத்தான். ஆடு அவனையே பார்த்தபடி அசைபோட்டது. பெட்டி விழுந்ததும் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது அவன் அப்பளமாக ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தான். விரலை வாயில் வைத்து ஊதினான். அத்தை சிரித்துவிட்டார்.

பெரிய சிரிப்பில்லை. மூக்கிலிருந்து வந்த ஒரு சத்தம். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பொத்தியும் நிற்கவில்லை, தோள் குலுங்கியது. வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன படத்துக்குச் சாவு வீடு, கல்யாண வீடு என்று வித்தியாசம் தெரியாது. வயிறு எரிந்துகொண்டிருக்கும்போதும் ஒரு நொடி ஏமாற்றிவிடும்.

அத்தை செல்போனை இவரிடமே நீட்டினார்.

"திரும்பப் போடுடா."

இத்தனை நாளில் மகனோடு பேசிய முதல் பேச்சு அது. இவர் விரலால் பின்னுக்கு இழுத்துவிட்டார். இரண்டு பேரும் பார்த்தார்கள். பெட்டி விழுந்தது, அவன் எழுந்தான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அவன் எந்திரிக்க மாட்டான்டா, காசி" என்றார் அத்தை.

"தெரியும்மா." இவர் குரலே எனக்கு மறந்துபோயிருந்தது. "இதுல எந்திரிச்சிடுறான்ல. அதுக்குத்தாம்மா பாக்குறேன்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிதாக அழவில்லை. இவர் தாடியையும் துருத்திக்கொண்டிருந்த கழுத்தெலும்பையும் அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாமா" என்றார், வாசலைப் பார்க்காமலே. "மொட்ட அடிக்க வர்றவருகிட்டச் சொல்லிடுங்க. தம்பிக்கு அண்ணந்தான் செய்யுறான்."

பிறகு என்னிடம் கையை நீட்டிக் கஞ்சியைக் கேட்டு வாங்கினார். செல்போன் அணைந்து பாயில் கிடந்தது. கரண்டியை இவர் வாயருகே கொண்டுபோனார். இவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அத்தை கரண்டியை எடுக்கவில்லை.

"தொறடா" என்றார். "ரெண்டு பேருக்கும் என்னால மாரடிக்க முடியாது."

இவர் அம்மாவையே பார்த்தார். அழுகை உடைத்துக்கொண்டு வந்தபோது வாய் தானாகத் திறந்தது. அத்தை கஞ்சியை விட்டார்.