நாற்பத்து நான்கு வயது விஸ்கி

"அங்கிள், பாட்டிலுக்குள்ளேயே இருந்தா விஸ்கிக்கு வயசாகுமா?"

ஓவியா ஏழு வயதில் என்னிடம் கேட்டது. அவள் அப்பா துரைராஜ், சிட்லபாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஓவியா பிறந்த வாரம் கப்பலில் வேலை பார்த்த நண்பர் அவருக்குக் கொடுத்த ஸ்காட்ச் அது. ஷெர்ரி என்னும் திராட்சை மது இருந்த மரப்பீப்பாயில் பதினெட்டு வருடம் ஊறியது. பீப்பாயை விட்டு வந்தபின் விஸ்கிக்கு வயது ஏறாது. துரைராஜோ ஏறும் என்றே நம்பினார். மகளின் பிறந்தநாள்தோறும் ஒரே ஒரு மூடி குடித்துவிட்டு, அட்டைப்பெட்டியில் பேனாவால் ஒரு வயதைக் கூட்டி எழுதுவார்.

"எனக்கே ஏறுது, அதுக்கு ஏறாதா?" என்றார் மகளிடம்.

அப்போது நான் குடிகாரன். அந்த மே மாதம் அவர்கள் திருப்பதி போனபோது, மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். மூன்று நாளில் பாட்டிலில் பாதி காலி. பால் சேர்க்காத டீயை ஆறவைத்து ஊற்றி நிரப்பினேன்.

அடுத்த பிறந்தநாளில் துரைராஜ் ஒரு மூடி குடித்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வயசாக வயசாக ரொம்ப சாதுவாயிடுச்சு, ஜெரோம்."

பெட்டியில் இருபத்தாறு என்று எழுதினார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போதும் சாவியை என்னிடமே கொடுத்தார். திட்டியிருந்தால் இன்னும் குடித்திருப்பேன். அன்றிலிருந்து, ஆண்டவர் கிருபையால், நான் தொடவில்லை. அவர்தான் வருடா வருடம் என் டீத்தண்ணீரைக் குடித்தார்.

போன மாதம் ஓவியாவின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா உற்சாகமாக இருந்தார்.

"சம்பந்தி, நாப்பத்திநாலு வயசுச் சரக்கு வச்சிருக்கீங்களாமே! கல்யாணம் முடிஞ்ச கையோட தொறக்குறோம்!"

"அதுல ஒண்ணும் ருசி இருக்காதுங்க."

"பாத்தீங்களா, பதுக்கப் பாக்குறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். துரைராஜும் சிரித்தார், என் பக்கம் திரும்பாமல். என் பெயரைச் சொன்னால் அவர் மானம் தப்பும். அவர் சொல்லமாட்டார்.

துபாயிலிருந்து வரவிருந்த என் மகள் அபிகாயிலிடம் அதே விஸ்கியைக் கேட்டேன்.

"அப்பா... மறுபடியுமா?"

"எனக்கில்லம்மா."

அதற்குமேல் கேட்காமல் வாங்கி வந்தாள்.

கல்யாணத்தன்று காலை எல்லோரும் தாம்பரம் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். துரைராஜ் வீட்டில் மீனுக்குத் தீனி போட்டுவிட்டு அலமாரியைத் திறந்தேன். பழையதைச் சிங்க்கில் கொட்டினேன். புதிய பாட்டிலின் லேபிள் வேறு மாதிரி இருந்ததால், விஸ்கியைப் பழைய பாட்டிலுக்கே மாற்றவேண்டியிருந்தது.

புதிய பாட்டிலின் மூடியைத் திருகியதும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊறவைத்த உலர்திராட்சை வாசனை அடித்தது. கூடவே கிராம்பு, மாதா கோயில் பெஞ்சின் பழைய மரம். வாயில் எச்சில் ஊறியது. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, அருள் நிறைந்த மரியே ஜெபத்தை முழுதாகச் சொல்லி முடித்தேன். பிறகு, பழைய மட்டம் வரைக்கும் சிந்தாமல் ஊற்றிப் பெட்டியில் வைத்தேன்.

புதிய பாட்டிலில் கால் பங்கு மீதி இருந்தது. அதையும் சிங்க்கில் கவிழ்த்து, வாசனை போகும்வரை குழாயைத் திறந்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஷேர் ஆட்டோ பிடிக்கக் கிளம்பினேன்.