தேசப்பன் சேர்க்கும் வரி

உலகத்தில் இதுவரை அச்சான பக்கங்களிலேயே எதற்கும் உதவாத பக்கம் புதிய ஏற்பாட்டின் முதல் பக்கம். இதை விமல், கும்மிடிப்பூண்டி ரயில் மீஞ்சூரைத் தாண்டுவதற்குள் நிரூபித்துவிட்டான்.

"ஆபிரகாம்ல ஆரம்பிச்சு, இவரு அவரைப் பெத்தாரு, அவரு இவரைப் பெத்தாருன்னு ராஜாங்களையெல்லாம் இட்டுக்கினு வர்றாரு மத்தேயு. கடைசில யோசேப்பு. பாத்தா, பொறந்த புள்ளைக்கும் அவருக்கும் ரத்த சம்மந்தமே இல்ல. அப்ப இவ்ளோ நேரம் யார் வம்சத்தைடா படிச்சோம்?"

"அந்த யோசேப்போட அப்பா யாரு?" என்றான் வகுப்புத் தோழன் இஜாஸ், பழவேற்காட்டுக்காரன்.

"மத்தேயு யாக்கோபுன்றாரு. லூக்கா ஏலின்றாரு. ரெண்டு பேரும் ஒருவாட்டி பேசிக்கினு எழுதியிருக்கலாம்."

"எங்காளுங்க ஈசா நபியை மரியம் மகன்னு சொல்லி முடிச்சிடுவாங்க மச்சான். பேஜாரே இல்ல."

விமலுக்கு இதில் சொந்த வழக்கு ஒன்று இருந்தது. அவன் வீட்டார் போகும் ஜெபவீட்டில் டிசம்பர் முதல் ஞாயிறு அந்தப் பட்டியலை வாசிப்பார்கள். முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் எழுந்து தன் வம்சத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உருக்காலைத் தொழிலாளி தேசப்பன் வருஷம் தவறாமல் சொல்வார்: "எட்டியப்பன் தேசப்பனைப் பெற்றான். தேசப்பன் விமலைப் பெற்றான்."

விமலுக்கு நாலு வயதாகும்போதுதான் அவன் அம்மா செல்வி தேசப்பனைக் கட்டிக்கொண்டாள் என்பது சபை முழுக்கத் தெரியும். எல்லோரும் ஆமென் என்பார்கள். விமல் மட்டும் அவரை எந்த முறை வைத்தும் கூப்பிடாமலே காலத்தை ஓட்டிவிட்டான்.

இந்த ஞாயிறு வாசலில் செருப்பு தேடும்போது நாலு பேர் காதுபடக் கேட்டான்: "பெத்தது நீங்களா? சொல்லவேயில்ல?"

தேசப்பன் கோபப்படவில்லை. "யோசேப்புந்தான் பெக்கல. பேரு வெச்சி ஊட்ல வெச்சிக்கினாரு. எழுதிட்டாங்க இல்ல?" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை உலையிலிருந்து இரும்புக் குழம்பு தேசப்பன் மேல் தெறித்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டார்கள். விமல் முதல் ஆளாகக் கையை நீட்டினான். சேரவில்லை. கூட வந்த இஜாஸுடையது சேர்ந்தது. "ஸாரி மச்சான்" என்றான் இஜாஸ், ஏதோ திருடிவிட்டவன் போல. செல்வி தீக்காய வார்டைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாள். உள்ளே விமல் போனான்.

"நெனவு தப்பிக்கினே கீது. பேச்சு குடுத்துக்கினே இருப்பா" என்றாள் நர்ஸ். "நீ இன்னா ஓணும் அவருக்கு?"

விமல் கட்டிலோரம் போனான்.

கட்டுகளுக்கு வெளியே தெரிந்தது ஒரு காதுதான். குனிந்தான். என்னவென்று கூப்பிடுவது? கல்லூரி மேடையில் மைக்கைப் பிடுங்கினால்தான் நிறுத்துகிறவனுக்கு ஒரு சொல் வரவில்லை. மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்று.

"ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான். ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான்..."

ராஜாக்களில் சிலர் விட்டுப்போனார்கள். மத்தேயுவும் சிலரை விட்டிருக்கிறார். யோசேப்பைத் தாண்டினான். எட்டியப்பனைத் தாண்டினான்.

"தேசப்பன் விமலைப் பெற்றான்" என்றான், நர்ஸுக்குக் கேட்காதபடி.

தேசப்பனிடம் அசைவில்லை. மறுபடியும் ஆபிரகாமிலிருந்து ஆரம்பித்தான்.