கிருஷ்ணப்பா பேரில் ஒரு மீட்டர்

"அந்தப் பக்கம் மட்டும் வெயில் ஜாஸ்தியாம்மா?"

சித்தூர்ப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது ரோஜாவிடம் மகள் பிரியங்கா கேட்டாள். அந்தப் பக்கம் புதுக் காலனியில் மாடிக்கு மாடி சோலார் பலகை. இந்தப் பக்கம், அவர்கள் தெருவில், ஒன்றுகூட இல்லை. அன்று ரோஜா சிரித்தாள். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ரோஜாவின் கணவன் மணிவேலுக்கு, நகரி விசைத்தறியின் பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போயிற்று. ஆக்சிஜன் மிஷின் நாளெல்லாம் ஓட வேண்டும். கரண்டு பில் தாங்காமல் மத்தியானத்தில் அதை நிறுத்திவிட்டு, அவன் மூச்சையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சோலார் வந்தால் நிறுத்த வேண்டியதில்லை.

சோலார் கம்பெனி குணா மாடியைப் பார்த்துச் சந்தோஷமாக இறங்கினான். பழைய பில்லைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"கிருஷ்ணப்பா யாருக்கா?"

"எங்க மாமனாரு. செத்துப் பல வருசமாச்சு."

"செத்தவருக்கு லோன், சப்சிடி எதுவும் வராதுக்கா. உங்க தெருவுல எந்த மீட்டர் பாத்தாலும் ஆளு மேல போயிட்டாரு. காலனில வீட்டுக்காரரே உயிரோட வந்து கையெழுத்துப் போடறாரு."

அந்தத் தெருவில் அப்படித்தான். பெரியவர் போனால் பாத்திரத்தைப் பிரிப்பார்கள், அறையைப் பிரிப்பார்கள். மீட்டரை மட்டும் தொடமாட்டார்கள். மாதாமாதம் பில்லில் தகப்பன் பெயர் வருவதே அவர் இன்னும் வீட்டில் இருப்பது மாதிரி. ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்கும் பொட்டு உண்டு. சாமி ரெண்டு பக்கமும் ஒரே அளவாகத்தான் வெயிலைக் கொட்டுகிறார். நல்ல எண்ணமும் சில சமயம் குறுக்கே நின்றுவிடுகிறது.

பெயர் மாற்ற மணிவேலின் அண்ணனும் அக்காவும் சம்மதிக்க வேண்டும். ரோஜா தெலுங்கில் சம்மதக் காகிதம் டைப் அடித்து வாங்கி, ஜன்னலில் வைத்தாள். நாயுடுபேட்டையில் இருக்கும் அக்கா கமலம்மா, "அண்ணன் போட்டா நானும் போடறேன்" என்று நழுவினாள்.

அண்ணன் சிவசங்கரனுக்குச் சத்தியவேட்டுப் பக்கம் தொழிற்சாலை வேலை. அவன் ஐ.டி.ஐ. படிப்பதற்காகத்தான் மணிவேல் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குப் போனான்.

"நைனா பேர எடுத்துட்டு உன் புருசன் பேர போட்டுக்கினா, நாளைக்கு வீடு யாருது?" என்றான் போனில்.

"வீடு உங்களுதுந்தான் மாமா. மீட்டருதான் மாத்தணும். பில்லுக்கு பயந்து மத்தியானம் மிஷின ஆஃப் பண்ணிக்கினு இருக்கேன்."

"இன்னாம்மா டிராமா ஆடற? காலனிக்காரன் மாடியப் பாத்துக்கினு உனக்கும் ஆச!"

அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவே இல்லை. ரோஜா தினமும் கூப்பிட்டாள். நேரிலேயே போய் முடியாது என்று சொல்லிவிடலாம் என்று சிவசங்கரன் ஒரு மத்தியானம் புறப்பட்டு வந்தான்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. ரோஜா மகளோடு மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். மூக்கில் குழாயோடு தம்பி கண்மூடிக் கிடந்தான். மிஷின் ஓடவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை தூக்கித் தூக்கிப் போட்டது.

சிவசங்கரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் சுவிட்சைப் போட்டான். தோள் அடங்கும்வரை நின்றான். பிறகு ஜன்னலில் இருந்த காகிதத்தை எடுத்துக் கையெழுத்திட்டான். கமலம்மாவின் இடம் இன்னும் காலியாக இருந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தம்பியை எழுப்பவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அவன் ஊருக்குப் போகும் வண்டி தயாராக நின்றது. அதை விட்டுவிட்டு, நாயுடுபேட்டைக்குப் போகத் திருப்பதி பஸ்ஸில் ஏறினான்.