யார் கடைசி என்று கேட்காதவர்

1

இந்தக் கதை எனக்கு எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. அன்றைக்கு நான் அங்கே எதற்குப் போனேன் என்பது முக்கியமில்லை. (முக்கியம்தான். முதல் பத்தியிலேயே சொல்ல வாய் வரவில்லை.) கிடைத்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன்.

முதல் ஆரம்பம்: “அன்று கடல் சாம்பல் நிறத்தில்...” ஸ்பெயினின் வடக்கே எங்கள் அஸ்தூரியாஸ் கரையில் கடல் என்றைக்கு வேறு நிறத்தில் இருந்திருக்கிறது? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்குப் போன இடத்தில் நோயில் விழுந்தால், தன் நீல அட்டையைக் காட்டி அங்குள்ள அரசு மருத்துவரைப் பார்க்கலாம் என்னும் ஏற்பாடு...” இது கதையா, கவுண்டரில் ஒட்டும் அறிவிப்பா? இருந்தாலும் இதை முழுதாக அடிக்க மனமில்லை. நான் சொல்லவரும் வெளிநாட்டுக்காரரிடம் அட்டை இருந்தது, செல்லுபடியாகும் தேதி இருந்தது, உள்ளே டாக்டரும் இருந்தார். இந்தக் கதையில் அட்டைமேல் பழிபோட முடியாது. போட முடியுமா என்று நான் ஒரு வாரம் முயன்று பார்த்தேன்.

மூன்றாவது: வெல்லோ என்ற எஸ்தோனியக்காரர், வயது அறுபத்தேழு, சந்தியாகோ தேவாலயத்துக்கு யாத்திரையாக நடந்துபோகும் வழியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தார்.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

கவுண்டரில் கோவா இருந்தாள். பதினெட்டு வருடமாக அவள்தான் இருக்கிறாள். முதுகில் பையோடு வருகிற நடைக்காரர்களை அவள் முகம் பார்த்து விசாரிப்பதில்லை, காலைப் பார்த்துத்தான் விசாரிப்பாள்.*

“கொப்புளமா?” என்றாள்.

வெல்லோ இல்லையென்று தலையாட்டி, நீல அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். கோவா அட்டை எண்ணைக் கணினியில் ஏற்றினாள்.

“அப்ப எங்க வலிக்குது?”

அவர் கொஞ்சம் யோசித்து இடது தோளைத் தொட்டுக் காட்டினார்.

“பையா?” கோவா தன் தோளில் இல்லாத வாரை இழுத்துக் காட்டினாள்.

“பை,” என்றார் வெல்லோ. அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை.

“சரி, உள்ள போய் உக்காருங்க. டாக்டர் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. கதவு திறந்தா அடுத்த ஆள் போகணும், அவ்வளவுதான்.”

இதில் “உள்ள போய் உக்காருங்க” என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது, அதுவும் கைஜாடையால்.

* கோவா இந்த இடத்தை மட்டும் படித்துவிட்டு, “நெஞ்சு வலிக்குதான்னு நான் கேட்டிருக்கணும்னு எழுதப்போறியா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “எழுது,” என்றாள்.

3

எங்கள் காத்திருப்பு அறைக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. டோக்கன் கிடையாது. உள்ளே வருகிறவர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லி, “யார் கடைசி?” என்று கேட்க வேண்டும். கடைசியாக வந்தவர் “நான்” என்பார். அந்த நொடியிலிருந்து நீங்கள் கடைசி. அவர் உள்ளே போய்விட்டு வெளியே வந்ததும் உங்கள் முறை. மீன் கடையிலும் ரொட்டிக் கடையிலும் இதேதான். எங்கள் ஊர்க் குழந்தைகள் எண்ணக் கற்பதற்கு முன்பே இதைக் கற்றுவிடும்.

வெல்லோ உள்ளே வந்தார், யாரையும் பார்க்காமல் தலையை அசைத்தார், நாலு நாற்காலி தள்ளி மூலையில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் வலியப் பேசித் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று வளர்ந்தவர். தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று தானே எண்ணி வைத்துக்கொண்டார்.

ஐந்து நிமிடம் கழித்து எலாதியோ வந்தான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். (‘வந்தார்’ என்று எழுதலாம். எனக்கு அப்படி எழுதத் தோன்றவில்லை.)

“எல்லாருக்கும் வணக்கம். யாருப்பா கடைசி?”

“நான்தான்,” என்றாள் பெலார்மினா. மத்தி மீன் டப்பாத் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டுபோனவள். “என்ன எலாதியோ, நீ இன்னும் சாகலையா?”

“உன்ன அனுப்பிட்டுத்தான் போவேன். ஐயோ... அம்மா...” உட்காரும்போதே எலாதியோ தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கினான்.

“உனக்கென்ன வந்தது?”

“தலைக்குள்ள குடையுது. நாலு நாளா தூக்கமில்ல. இந்தப் பக்கம் செத்தே போச்சு.”

“இதெல்லாம் ஒரு நோவா? என் கால வெட்டிடலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க.”

“நெசமாவா சொன்னாங்க?”

“சொல்லல. நெனச்சாங்க. மூஞ்சியில தெரிஞ்சுது.”

இதை வெளியூர்க்காரர்கள் தப்பாக நினைக்கக்கூடும். எங்கள் ஊரில் டாக்டருக்காகக் காத்திருக்கும்போது முனகுவது மரியாதை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், மற்றவர் நோவையெல்லாம் நீங்கள் மட்டமாக நினைக்கிறீர்கள் என்று பொருள். அதனால் ஆளாளுக்கு ஏற்றிச் சொல்வோம். முனகி முடித்ததும் எதிர்க்கடைக்குப் போய் ஆப்பிள் மது குடிப்போம்.

பெலார்மினா குரலைத் தாழ்த்தினாள். “அந்த மூலையில இருக்காரே, அவரு எனக்கப்புறம் வந்தாரு. ஆனா யார் கடைசின்னு கேக்கவே இல்ல.”

“கேக்கலன்னா அவரு வரிசையில இல்ல. யாருக்காவது துணைக்கு வந்திருப்பாரு,” என்றான் எலாதியோ.

துணைக்கு வந்தவரின் மடியில் அவ்வளவு பெரிய பை ஏன் இருக்கிறது என்று அவன் யோசித்தான். யோசித்ததை அவளிடம் சொல்லவில்லை.

பெலார்மினா உள்ளே போய், கட்டு மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கதவு திறந்து கிடந்தது. மூலையில் வெல்லோ பாதி எழுந்தார். எலாதியோ அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஐயோ” என்று சொல்லி உள்ளே போய்விட்டான். வெல்லோ மறுபடி உட்கார்ந்தார்.

4

எலாதியோ என்ற பாத்திரம் எனக்கு நிற்க மாட்டேன் என்கிறது.

ஒரு வரைவில் அவனுக்குப் பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்னொன்றில் வீட்டில் மனைவிக்குக் காய்ச்சல். இன்னொன்றில் அவனுக்குக் கண்ணில் புரை, அதனால் மூலையில் பாதி எழுந்த மனிதரை அவன் சரியாகப்

இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். கண்ணில் புரை என்று எழுதும்போதுதான் எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கு எதற்கு இத்தனை வக்கீல்?

ஏனென்றால் எலாதியோ நான்தான். பெயரைக்கூட மாற்றவில்லை, பாருங்கள். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டினேன். ஓய்வுக்குப் பிறகு கதை எழுதுகிறேன். அன்றைக்கு டாக்டரிடம் போனது காதில் அழுக்கு அடைத்துக்கொண்டதற்காக. டாக்டர் ஒதிலியா வெந்நீர் பீய்ச்சி அதை எடுக்க நாலு நிமிடம் ஆயிற்று. மிச்சம் பத்து நிமிடம், அவர் வாங்கப்போகும் பழைய காரைப் பற்றிப் பேசினோம். அந்த வண்டியில் கியர் பெட்டி தகராறு செய்யும், வாங்காதீங்க என்றேன். நல்ல யோசனைதான். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

5

நான் வெளியே வந்தபோது வெல்லோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பையை நாற்காலியில் ஒழுங்காக வைத்துவிட்டு எழுந்து, எங்கள் மொழியில் “வணக்கம்” என்றார். இரண்டு அடி வைத்தார். கதவருகே சரிந்தார்.

நான் கத்தினேன். “ஒதிலியா! ஓடி வாங்க! ஆள் விழுந்துட்டாரு!” காது அப்போதுதான் திறந்திருந்ததால் என் சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

இதற்கு மேல் இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவர் இறந்துபோகிறார். எழுதும்போது அழுதேன், அழுததால் அது நல்ல முடிவு என்று நம்பினேன். மறுநாள் படித்தால், அழுதது முழுக்க எனக்காகத்தான் என்று தெரிந்தது. இன்னொன்றில் அவர் குணமாகி, விட்ட இடத்திலிருந்து நடந்து சந்தியாகோ போய்ச் சேர்கிறார். அதுவும் எனக்காக எழுதியதுதான்.

நடந்தது இவ்வளவு. கால்பந்து மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது. இனி மாடி ஏறினாலே மூச்சு வாங்கும், நடைப்பயணத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று கேள்விப்பட்டேன்.

“கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தா?” என்று ஒருநாள் டாக்டர் ஒதிலியாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“பத்து நிமிஷம் முன்னாடி பார்த்தாகூட இந்த மாதிரி கேஸ்ல வித்தியாசம் தெரியும்,” என்றார். அவருக்குக் காரைப் பற்றிப் பேசியது ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. அந்தக் காரை அவர் வாங்கவில்லை.

ஊரில் நான் பெரிய மனிதனாகிவிட்டேன். எதிர்க்கடையில் எனக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். “நீ கத்துன கத்துல படகுல இருந்தவனுக்கெல்லாம் கேட்டுதாம். உன்னாலதான்யா அந்த ஆள் பொழச்சான்!” என்றார்கள். நான் குடித்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பாதி எழுந்த மனிதர் ஏன் மறுபடி உட்கார்ந்தார்? மொழி தெரியாது என்றால், கையைத் தூக்க மொழி வேண்டாமே. தன் முறை என்று அவருக்குத் தெரிந்துதான் எழுந்தார். நான் ஒவ்வொருவராக விசாரித்தேன்.

“கூச்சம்,” என்றாள் கோவா. “அந்த நாட்டுக்காரங்க நெருப்பு பிடிச்சாகூட ‘மன்னிக்கணும்’னு சொல்லிட்டுத்தான் ஓடுவாங்க.”

“பெருமை,” என்றாள் பெலார்மினா. “வாயத் திறக்காதவன் எல்லாம் பெருமை பிடிச்சவன். என் புருஷனப் பாரு.”

எனக்குப் பெலார்மினா சொன்னது பிடித்திருந்தது. அவர் பெருமைக்காரர் என்றால் குற்றத்தில் என் பங்கு பாதியாகக் குறையும். அதையே முடிவாக எழுதலாம் என்று, “வெல்லோ பெருமைக்காரர். தனக்கு உரியதைக்கூடக் கேட்டு வாங்குவது...” என்று தொடங்கினேன்.

6

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நேற்று கோவா என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தாள்.

“நிலையத்துல எல்லாருக்கும்னு போட்டு வந்திருக்கு. அந்த எஸ்தோனியக்காரர் சொல்லச் சொல்ல அவர் மக நம்ம மொழியில எழுதியிருக்கா. நீதானே கதையெல்லாம் எழுதறவன், ஒரு பதில் எழுதிக் குடேன்.”

முதல் பக்கம் முழுக்க நன்றி. டாக்டருக்கு, கோவாவுக்கு, ஹெலிகாப்டர்காரர்களுக்கு, உரக்கக் கத்திய முகம் தெரியாத மனிதருக்கு. இரண்டாவது பக்கத்தை அப்படியே இறக்கி வைக்கிறேன். இதில் ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை.

“அன்று உங்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை. ஆனால் எனக்குப் பிறகு வந்த ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு மிகவும் வேதனைப்பட்டார். என் முறை வந்ததும் எழுந்தேன். அவரைப் பார்த்தேன். எனக்குத் தோள்வலிதானே, அவர் முதலில் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவரைப் பற்றிப் பலமுறை நினைத்தேன். தலையில் ஏதும் பெரிய கோளாறா? அவர் பிழைத்துக்கொண்டாரா? தயவுசெய்து எழுதுங்கள்.”

“யாரு இது?” என்று கேட்டாள் கோவா. “அன்னிக்குத் தலைவலின்னு யாரும் வரலியே.”

தெரியவில்லை என்றேன்.

காலையிலிருந்து மூன்று பதில் எழுதிவிட்டேன். “அவர் நலமாக இருக்கிறார், நீங்கள் விட்டுக்கொடுத்ததால்தான்...” இதை எழுதினால் அவர் சந்தோஷப்படுவார், நான் எதிர்க்கடைப் புகழை இன்னொரு தடவை ஊற்றிக் குடித்தவன் ஆவேன். “வருத்தத்துடன் தெரிவிக்கிறோம், அவர் இறந்து...” என்னை நானே கொன்றுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. “காதில் அழுக்கு...” இதை எழுதினால், தன் இதயத்தில் ஒரு பங்கை எதற்காகக் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதை அறுபத்தேழு வயதில் ஒரு மனிதர் வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

எழுதாமலே இருந்தால், அவர் அங்கே மாடி ஏற முடியாமல் பாதிப் படியில் நின்றுகொண்டு, நான் பிழைத்தேனா என்று கவலைப்படுவார்.

அவர் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருந்தால் நிமிடத்தில் எழுதியிருப்பேன். என் சுகத்தை அல்லவா விசாரிக்கிறார். எனக்குக் கை ஓடவில்லை. கோவா நாளைய தபாலில் சேர்க்க வேண்டும் என்கிறாள். தொடங்கி வைத்திருக்கிறேன், மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்.

அன்புள்ள வெல்லோ, அன்று நீங்கள் பார்த்த அந்த மனிதர்