பக்கவிளைவு இல்லாதது

தையல்காரம்மா இரண்டு பச்சைப் புட்டிகளைக் கவுன்டரில் கொண்டுவந்து வைத்தாள். ஞாபகசக்திக்கான மூலிகை டானிக். மருந்துக்கடை அக்கா டாக்டர் சீட்டுக்காகக் கையை நீட்டினாள். சீட்டு வரவில்லை. மகளின் வலிப்பு மாத்திரைக்கு ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி டாணென்று வந்து நிற்கிறவள். இன்றைக்குத் தேதி இருபத்தொன்று.

"மாத்திரை வேணாமா?"

"நிறுத்திட்டேன்கா. மூணு வாரம் ஆகப்போகுது." பரீட்சையில் பாஸான முகத்தோடு சொன்னாள். "ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட வரலியே. எதுக்கு அந்த விஷம்? இதைக் குடுக்க ஆரம்பிச்சதிலேர்ந்து வகுப்புல தூங்குறதே இல்ல."

அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். மாத்திரை போட்டதால்தான் வரவில்லை, அடி மகராசி!

"அதை டக்குனு நிறுத்தக்கூடாதும்மா. முன்னைவிட மோசமா வரும். இது வெறும் டானிக்."

"நீங்கதானேக்கா எடுத்துக் குடுத்தீங்க? பக்கவிளைவே இல்லன்னீங்க."

சொன்னாள்தான். ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் சொல்கிறாள். தலைவலி மாத்திரை ஒன்றை வாங்குவதற்குள் சூடா, குடல் புண்ணாகுமா என்று அவளைக் குடைந்தெடுக்கிற ஜனம், அட்டையில் ஒரு இலைப் படம் இருந்துவிட்டால் வாயே திறப்பதில்லை. அக்காவும்தான் இவளிடம் என்ன கேட்டாள்? அன்றைக்கு ஒரு வார்த்தை, மாத்திரையை விட்டுடாதீங்க என்று ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருக்கலாம். கடையில் கூட்டம். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வரிசையில் நின்ற ரிடையர்டு வாத்தியார் தொண்டையைச் செருமினார். "செடியிலேர்ந்து வர்றது எப்படிம்மா கெடுதல் பண்ணும்? இங்கிலீஷ் மருந்து விக்கலேன்னா இவங்களுக்குக் கட்டுப்படியாகுமா?"

பின்னால் இரண்டு பேர் தலையாட்டினார்கள். சார் கையில் நெஞ்செரிச்சல் மாத்திரை ஒரு அட்டை இருந்தது. சண்டை போட இது நேரமில்லை என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டருக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரியில் எடுத்த பெண், "பேஷன்ட்டை நேர்ல கூட்டிட்டு வரச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள். அக்கா மாத்திரை அட்டையை எடுத்துத் தையல்காரம்மாவின் பைக்குள் திணித்தாள். "காசு வேணாம். இப்பவே அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, உங்க கால்ல விழுறேன்."

தையல்காரம்மா அட்டையை நோகாமல் எடுத்துத் திரும்ப வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நாலு மணிக்கு அவளை நீச்சல் கிளாஸ்ல விடணும்."

"நீச்சலா?"

"டாக்டர் தண்ணிப் பக்கமே விடாதீங்கன்னாரில்ல? பாவம், எத்தனை வருஷ ஆசை! இப்பதான் மாத்திரையே இல்லியே. போன வாரம் சேர்த்துட்டேன்."

"இன்னிக்கு ஒரு நாள் அனுப்பாதீங்கம்மா. ஒரே ஒரு நாள்."

"ஐயோ, அவ கேப்பாளா? இதைப் பாருங்க, நேத்து மாஸ்டர் எடுத்தது."

போனில் வீடியோவைப் போட்டு நீட்டினாள். பன்னிரண்டு வயது முகம், நீலத் தொப்பி, வாயெல்லாம் பல். கையை ஆட்டிவிட்டு, குளத்துச் சுவரைக் காலால் உந்தி உள்ளே போனாள். மேலே தண்ணீர் மூடிக்கொண்டது.

"இப்ப பாருங்க, அந்தப் பக்கம் வருவா," என்றாள் தையல்காரம்மா.

வாத்தியாரும் எட்டிப் பார்த்தார். நேற்று எடுத்தது என்று தெரிந்தும் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரை முழுக்கத் தண்ணீர்தான் தளும்பிக்கொண்டிருந்தது.